தொழிற்சாலைப் பாதுகாப்புப் பயிற்சி: பதிவும் மதிப்பீடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, ஓசூர், அம்பத்தூர் பக்கம் உள்ள நடுத்தர இன்ஜினியரிங் கம்பெனிகளில் பாதுகாப்புப் பயிற்சி நடக்கத்தான் செய்கிறது. நடந்ததற்குக் கையெழுத்துத் தாளும் இருக்கிறது. ஆனால் பயிற்சி முடித்தவருக்கு என்ன செய்யத் தெரியும் என்று கேட்டால், பல ஃபைல்களில் அதற்குப் பதில் இல்லை. அந்தப் பதிலைப் பதிவுக்குள் கொண்டுவருவது எப்படி என்று மேலாளர்களும், சேஃப்டி ஆபீசர்களும், சூப்பர்வைசர்களும், சில நேரம் தொழிலாளர்களும் கேட்கிற கேள்விகள் இவை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பவர் பிரஸ்ஸை (தகட்டை அச்சில் வைத்து அடித்து வடிவமாக்கும் இயந்திரம்) சுற்றியே வரும். தகடு வேலை செய்யும் கம்பெனிகளில் விரல் போகிற விபத்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது அந்த இயந்திரம்தான்.

பயிற்சிக்குப் பதிவு வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா?

பயிற்சி கொடுப்பது கடமை என்று தெளிவாகச் சொல்கிறது. 1984 டிசம்பரில் நடந்த போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பிறகு, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 1987-இல் திருத்தப்பட்டது. அப்போது சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவு, தொழிலாளிக்குத் தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை ஆகிய நான்கையும் தருவது ஆலையை நடத்துபவரின் பொறுப்பு என்றது. 111-ஏ பிரிவு இன்னொரு பக்கத்திலிருந்து பேசியது: பாதுகாப்புப் பயிற்சி பெறுவது தொழிலாளியின் உரிமை. இந்த இரண்டாவது பிரிவைப் பற்றித் தொழிலாளர்களிடம் யாரும் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும்.

பதிவு என்ற எண்ணம் இதைவிடப் பழையது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைப் பரிசோதிக்கவோ எண்ணெய் விடவோ வேண்டிய கட்டாயம் வந்தால், அதற்கெனச் சிறப்புப் பயிற்சி பெற்று, பதிவேட்டில் பெயர் ஏறியவர்தான் அதைச் செய்யலாம்; உடம்போடு ஒட்டிய உடையை அவருக்குக் கம்பெனியே தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 22-வது பிரிவு சொன்னது. என் பார்வையில் நல்ல பயிற்சிப் பதிவுக்கு இதுவே சரியான முன்மாதிரி. இன்ன ஆள், இன்ன ஆபத்தான வேலை, அவருக்கு அது தெரியும் என்பதற்கு ஒரு பெயர்ப் பதிவு.

2025 நவம்பர் 21 முதல், பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் சட்டத் தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்து, தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. பயிற்சிக் கடமை அதிலும் அப்படியே தொடர்கிறது. பழைய சட்டத்தில் பொதுவாக ஆயிரம் பேர் இருந்தால்தான் பாதுகாப்பு அலுவலர் கட்டாயம். புதிய தொகுப்பில் 500 பேர், ஆபத்தான தொழில் என்றால் 250 பேர். இதுவரை அப்படி ஓர் அலுவலர் இல்லாமல் ஓடிய பல கம்பெனிகள் இனி ஒருவரை வைத்தாக வேண்டும். அவர் வந்ததும் முதலில் எடுத்துப் பார்ப்பது பயிற்சி ஃபைலாகத்தான் இருக்கும்.

பணியிடப் பாதுகாப்பு மேலாண்மைக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 45001 சான்று வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் 7.2 பிரிவு கேட்பது திறமைக்கான ஆதாரத்தை. வகுப்புக்கு வந்தார் என்ற தாளை மட்டும் காட்டினால் அது பாதிப் பதில்தான்.

வருகைத் தாளில் கையெழுத்து இருக்கிறதே, அது போதாதா?

போதாது. அந்தக் கையெழுத்து, குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட அறையில் அவர் இருந்தார் என்று மட்டும் சொல்கிறது. கேட்டாரா, புரிந்ததா, செய்ய வருமா என்பதற்கு அதில் ஒரு துளி விவரமும் இல்லை. டிரைவிங் லைசென்ஸ் வாங்கப் போகிறவரை எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறார்களே தவிர, டிரைவிங் ஸ்கூலுக்கு எத்தனை நாள் போனார் என்று பார்த்து லைசென்ஸ் கொடுத்துவிடுவதில்லை. 40 டன் பிரஸ்ஸில் உட்காரப் போகிறவரிடம் மட்டும் அந்த அளவுகூடக் கேட்காமல் விடுகிறோம்.

வருகைத் தாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது முதல் பக்கமாக இருக்கட்டும், ஆனால் அதோடு ஃபைல் முடிந்துவிடக் கூடாது.

அப்படியென்றால் பதிவில் என்னென்ன இருக்க வேண்டும்?

விபத்து நடந்த மறுநாள் ஒருவர் வந்து என்னென்ன கேட்பார் என்று யோசித்துப் பாருங்கள், பட்டியல் தானாக வந்துவிடும். பெயரும் டோக்கன் எண்ணும், நேரடி ஆளா கான்ட்ராக்ட் ஆளா என்பதும் முதலில். அப்புறம் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம். நடத்தியவர் யார், அந்த வேலையில் அவருக்கு என்ன அனுபவம், எந்த மொழியில் நடத்தினார். எந்த இயந்திரத்தில், எந்த வேலைக்கு. கடைசியாக, எப்படிச் சோதித்தோம், என்ன முடிவு, அடுத்த சோதனை எப்போது.

பெரும்பாலும் தவறுவது தலைப்பில்தான். ‘பொதுப் பாதுகாப்பு விழிப்புணர்வு’ என்று எழுதினால் அதிலிருந்து யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. ‘3-ஆம் எண் பிரஸ்: டை மாற்றும்போது மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுவது, ராமுக்கு அடியில் சேஃப்டி பிளாக் வைப்பது’ என்று எழுதுங்கள். (டை என்பது தகட்டுக்கு வடிவம் தரும் அச்சு; ராம் என்பது மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகம்; சேஃப்டி பிளாக் அது இறங்கிவிடாமல் தாங்கும் கட்டை.) நடத்திய பாடத்தின் பிரதி ஒன்றையும், அது எத்தனையாவது திருத்தம் என்ற எண்ணோடு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து இயந்திரத்தில் புது கார்டு (கை உள்ளே போகாமல் தடுக்கும் மறைப்பு) மாட்டியிருப்பீர்கள். பழைய பாடத்தைப் படித்தவர் யார், புதியதைப் படித்தவர் யார் என்று அப்போது தெரிய வேண்டும்.

ஆதார் நகல், வீட்டு முகவரி எல்லாம் இந்த ஃபைலில் தேவையில்லை. பயிற்சிப் பதிவு பல கைகளுக்குப் போகும். தொழிலாளியின் சொந்த விவரங்கள் ஹெச்.ஆர். ஃபைலிலேயே இருக்கட்டும்.

எழுதத் தெரியாதவர்களை எப்படிச் சோதிப்பது?

எழுதத் தெரிந்தவர்களையும் எழுத்துத் தேர்வு மட்டும் வைத்துச் சோதிக்கக் கூடாது. பாதுகாப்பு கையால் செய்கிற காரியம். கையால் செய்து காட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள், பார்த்ததை எழுதுங்கள். இதில் எழுத வேண்டியவர் சோதிப்பவர்தான், தொழிலாளி அல்ல.

பவர் பிரஸ்ஸில் டை மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். மோட்டாரை நிறுத்தியதும் பிரஸ் நின்றுவிட்டது என்று புது ஆள் நினைப்பார். ஆனால் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்; அதில் சேர்ந்திருக்கும் சக்தி ஒரு அடி அடிப்பதற்குத் தாராளமாகப் போதும். பழைய பின்-கிளட்ச் பிரஸ்ஸாக இருந்தால் இன்னும் மோசம். பெடலை ஒருமுறை மிதித்துவிட்டால் ராம் முழுச் சுற்றையும் முடித்துத்தான் நிற்கும், நடுவில் நிறுத்த வழி கிடையாது. ஆகவே சோதனையின்போது பார்க்க வேண்டியவை இவை. பக்கத்தில் இருப்பவருக்குச் சொன்னாரா? மெயின் சுவிட்சை அணைத்துத் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டாரா? ஃப்ளைவீல் நிற்கும்வரை காத்திருந்தாரா? காற்று அழுத்தத்தை வெளியேற்றினாரா? பிளாக் வைத்தாரா? எல்லாம் முடிந்த பிறகு, இயந்திரம் ஓடவில்லை என்பதை ஒருமுறை ஸ்டார்ட் பட்டனை அழுத்திச் சரிபார்த்தாரா?

ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். செய்தார், செய்யவில்லை, சொன்ன பிறகு செய்தார் என்று மூன்று குறி வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது குறி முக்கியம். சூப்பர்வைசர் கண் ஜாடை காட்டியதும் செய்தவரையும் தானாகச் செய்தவரையும் ஒரே வரிசையில் எழுதினால் சோதனைக்கு மதிப்பில்லை. நைட் ஷிப்டில் ஜாடை காட்ட யாரும் இருக்க மாட்டார்கள்.

வாய்மொழிக் கேள்விகளும் கேட்கலாம். ஆனால் ‘ஹெல்மெட் போடுவது அவசியமா?’ என்று கேட்காதீர்கள். ஆம் என்பதைத் தவிர அதற்கு வேறு பதில் யாரும் சொல்லப்போவதில்லை. ‘பீஸ் டையில் மாட்டிக்கொண்டது, பின்னால் லோடு வண்டி காத்திருக்கிறது, சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருக்கிறார். இப்போது என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். அவசரமும் நெருக்கடியும் சேர்ந்த கேள்விக்குத்தான் உண்மையான பதில் வரும். விபத்து வருவதும் பெரும்பாலும் அந்த மாதிரி நேரத்தில்தான்.

தேர்ச்சிக்கு எத்தனை மதிப்பெண் வைக்கலாம்?

எண்பது சதவீதம் என்று வைப்பது வழக்கம். பத்துப் படிகள் உள்ள வேலையில் எட்டைச் சரியாகச் செய்தால் பாஸ் என்று அதற்கு அர்த்தம். விட்டுப்போன இரண்டில் ஒன்று பூட்டுப் போடுவதாக இருந்தால்? மற்ற எட்டும் சரியாக இருந்து பயனில்லை.

அதனால் படிகளை இரண்டாகப் பிரியுங்கள். விட்டால் உயிரோ உறுப்போ போகக்கூடிய படிகள் ஒரு பக்கம். அவற்றில் ஒன்று தவறினாலும் தேர்ச்சி இல்லை. மற்றவை இன்னொரு பக்கம். அங்கே எண்பது, எழுபது என்று உங்கள் இஷ்டம்போல் வைத்துக்கொள்ளுங்கள். எது எந்தப் பக்கம் என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்யாமல், அந்த இயந்திரத்தில் பல வருடம் வேலை பார்த்த ஆபரேட்டரையும், டை மாட்டிச் சரிசெய்யும் செட்டரையும் கூட வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

பயிற்சி முடிந்த அன்றே தேர்வு வைத்துவிட்டோம். மறுபடியும் தேவையா?

தேவை. அன்று மாலை நினைவில் இருப்பது அடுத்த மாதம் இருக்கும் என்று சொல்ல முடியாது. படித்ததில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே மறந்துபோகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இலேயே வெளியிட்டார். அடிக்கடி செய்கிற வேலை என்றால் கை மறக்காது. ஆனால் பாதுகாப்பில் முக்கியமான பல காரியங்கள் எப்போதாவதுதான் தேவைப்படும். தீயணைப்பானைப் பிடிப்பது, மின் அதிர்ச்சி வாங்கியவரைப் பிரித்தெடுப்பது, அமிலம் தெறித்தால் கண்ணைக் கழுவுவது எல்லாம் அப்படிப்பட்டவை. மறந்துபோவதும் இவைதான்.

நான் சொல்லும் முறை இது. வகுப்புக்கு முன் ஒரு சின்ன சோதனை, முடிந்ததும் அதே சோதனை, ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் வேலை செய்யும் இடத்திலேயே முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு சோதனை. முதல் இரண்டையும் ஒப்பிட்டால் வகுப்பு எதையாவது சொல்லிக்கொடுத்ததா என்று தெரியும். மூன்றாவதில்தான் அது நிலைத்ததா என்று தெரியும். நேரமில்லை, ஏதாவது ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், மூன்றாவதைச் செய்யுங்கள்.

கிர்க்பாட்ரிக்கின் நான்கு நிலைகள் என்று ஆடிட்டர் சொல்கிறார். அது என்ன?

டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-இல் எழுதிய கட்டுரைகளிலிருந்து வந்தது. பயிற்சியை நான்கு கேள்விகளால் மதிப்பிடலாம் என்றார். கலந்துகொண்டவருக்குப் பிடித்ததா? கற்றுக்கொண்டாரா? வேலையில் அதன்படி நடக்கிறாரா? அதனால் பலன் கிடைத்ததா? நம் ஊரில் முதல் கேள்விக்கு மட்டும் படிவம் அச்சடித்து வைத்திருக்கிறோம். ‘பயிற்சி எப்படி இருந்தது?’ என்றால் ‘மிக நன்று’ என்று எல்லோரும் டிக் அடித்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

அந்தப் படிவத்தைத் தூக்கி எறிய வேண்டாம், கேள்வியை மாற்றினால் போதும். ‘இன்று சொன்னதில், உங்கள் இயந்திரத்தில் செய்ய முடியாதது எது? ஏன்?’ என்று கேளுங்கள். பூட்டு கொடுக்கவில்லை, கண்ணாடி போட்டால் வியர்வையில் மங்குகிறது, கார்டு வைத்தால் பெரிய பீஸ் உள்ளே போகாது என்று பதில் வரும். அந்த ஒரு பக்கத்தை மேலாளர் படித்தால் பயிற்சிக்குச் செலவழித்த நேரம் திரும்பக் கிடைத்துவிடும்.

விபத்து எண்ணிக்கை குறைந்தால் பயிற்சி வெற்றி என்று எடுத்துக்கொள்ளலாமா?

சிறிய கம்பெனியில் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 பேர், நாளுக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால் 2,40,000 மனித மணி நேரம். பத்து லட்சம் மணி நேரத்துக்கு எத்தனை விபத்து என்று பார்ப்பது வழக்கமான முறை. ஒரு விபத்து நடந்தால் விகிதம் 4.17. இரண்டு நடந்தால் 8.33. ஒரே ஒரு சம்பவத்தால் விகிதம் இரட்டிப்பாகிறது. ஒன்றுமே நடக்காத வருடம் பூஜ்யம். இந்த ஏற்ற இறக்கத்தில் பயிற்சியின் பங்கு எவ்வளவு, தற்செயலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. எண்ணிக்கை குறைவதைப் பாராட்ட ஆரம்பித்தால் சின்னக் காயங்கள் பதிவேட்டுக்கு வராது. கம்பெனிக்கு வெளியே கட்டுப் போட்டுக்கொண்டு வருவார்கள்.

அதைவிட, நியர் மிஸ் என்று சொல்கிறோமே, மயிரிழையில் தப்பிய சம்பவங்கள், அவற்றை எத்தனை பேர் வந்து சொல்கிறார்கள் என்று பாருங்கள். நல்ல பயிற்சிக்குப் பிறகு இந்த எண்ணிக்கை ஏறும். இதுவரை சாதாரணம் என்று கடந்துபோனதை இப்போது ஆபத்து என்று அடையாளம் காண்கிறார்கள் என்று பொருள். அதைப் பார்த்து நிர்வாகம் பதறக் கூடாது. கார்டு மாட்டிய நிலையில் இயந்திரம் ஓடுவது பத்து முறை பார்த்தால் எத்தனை முறை என்பதும் நல்ல அளவுகோல். பார்க்கிற நேரத்தை மூன்று ஷிப்டுக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். காலை 11 மணிக்குச் சேஃப்டி ஆபீசர் நடந்து வரும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும்.

சோதனையில் சரியாகச் செய்தார். வேலையில் செய்யவில்லை. மறுபடியும் வகுப்பா?

மறுபடி வகுப்பு என்று எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: தெரியாமலா, முடியாமலா? இந்தக் கேள்விக்குப் பதிவில் கட்டாயம் ஓர் இடம் இருக்க வேண்டும் என்பேன்.

சோதனையில் செய்து காட்டியவருக்குத் தெரியும். அப்படியென்றால் ஏதோ தடுக்கிறது. இரு கைப் பட்டன் (இரண்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் ஓடும்) இருக்கிற பிரஸ்ஸில் ஒரு பட்டனைக் குச்சி வைத்து அழுத்தி ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதியிருக்கும் இலக்கை இரு கையால் ஓட்டி எட்ட முடியுமா என்று ஸ்டாப் வாட்ச் வைத்துப் பாருங்கள். எட்ட முடியாது என்றால் திருத்த வேண்டியது இலக்கை. பீஸ் ரேட்டில் சம்பளம் வாங்குபவராக இருந்தால், பாதுகாப்பாக வேலை செய்வதற்கு அவர் தன் கையிலிருந்து பணம் கொடுக்கிறார் என்று அர்த்தம். எத்தனை வகுப்பு எடுத்தாலும் அது மாறாது.

விபத்து அறிக்கைகளில் ‘தொழிலாளிக்கு மறுபயிற்சி அளிக்கப்பட்டது’ என்ற வரியை அடிக்கடி பார்க்கலாம். உடைந்த கார்டை மாற்றாமல், வேலை செய்யாத சென்சாரைச் சரிசெய்யாமல் எழுதப்படும் அந்த வரி எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. ஆபத்தை முதலில் இயந்திரத்திலிருந்து நீக்க வேண்டும், முடியாதபோது மறைப்பு போட வேண்டும். பயிற்சி வர வேண்டிய இடம் அதற்குப் பிறகுதான்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் நிறைய. தமிழில் நடத்திவிட்டு யாரையாவது மொழிபெயர்க்கச் சொல்கிறோம். சரியா?

யாரோ ஒருவர் என்பதில்தான் சிக்கல். கூட வந்தவர்களில் கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒருவரை நிறுத்துகிறோம். நாம் ஐந்து நிமிடம் பேசுவதை அவர் இரண்டு வரியில் முடிக்கிறார். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஊர் விட்டு வந்த இடத்தில், முதல் வாரத்தில், புரியவில்லை என்று கையைத் தூக்க யாருக்கும் தைரியம் வராது.

மொழிபெயர்ப்பவருக்கு முந்தின நாளே தனியாகச் சொல்லிக்கொடுத்து, இயந்திரத்தில் செய்து காட்டச் சொல்லுங்கள். அவர் பெயரையும் மொழியையும் பதிவில் எழுதுங்கள். ஒடியா பேசுபவருக்கும் சந்தாலி பேசுபவருக்கும் இந்தி போதும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சோதனையில் மொழி குறுக்கே வராமலிருக்க, செய்து காட்டும் முறையே இங்கேயும் நல்லது. பதிவில் ‘புரிந்துகொண்டேன்’ என்ற வாசகம் எந்த மொழியில் அச்சடிக்கப்பட்டிருக்கிறது என்றும் ஒருமுறை பாருங்கள். படிக்கத் தெரியாத மொழியில் உள்ள உறுதிமொழிக்குக் கீழே கைநாட்டு வாங்குவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது கான்ட்ராக்டரின் வேலைதானே?

அவரும் கொடுக்கட்டும். ஆனால் உங்கள் கூரைக்குக் கீழே, உங்கள் இயந்திரத்தில் நடப்பதற்கு நீங்கள் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. உங்கள் ஆலையில் எந்தக் குழாயில் என்ன ஓடுகிறது, சைரன் அடித்தால் எங்கே கூட வேண்டும் என்பது கான்ட்ராக்டருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

கேட்டிலேயே கட்டுப்படுத்துவதுதான் எளிது. சோதனையில் தேறியவர் பெயர் இருந்தால்தான் அந்தப் பகுதிக்கு நுழைவு அட்டை. சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்த்துவிட்டு வந்தவர்களைக் கேளுங்கள், அங்கே பாதுகாப்புப் பயிற்சித் தேர்வில் தேறாமல் வேலையில் நீடிக்க முடியாது என்பார்கள். பெயின்டர், வெல்டர், தொட்டி சுத்தம் செய்பவர் என்று ஒருநாள் வேலைக்கு வருபவர்களை மறந்துவிடாதீர்கள். கழிவுநீர்த் தொட்டிக்குள் முதலில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் இறந்துபோகும் செய்திகளை வருடந்தோறும் படிக்கிறோம். ஒருநாள் வேலைக்கு வந்தவர் என்பதற்காக அவரைச் சோதிக்காமல் உள்ளே விடக் கூடாது.

தீயணைப்புப் பயிற்சி, முதலுதவிப் பயிற்சி இவற்றை எப்படிப் பதிவது?

யார் கையால் செய்தார் என்று பதியுங்கள். தீயணைப்பான் பயிற்சிக்கு அறுபது பேர் வட்டமாக நிற்பார்கள், ஒருவர் பின்னை இழுத்து அடிப்பார், மற்றவர்கள் கை தட்டுவார்கள். பதிவில் அறுபது பேரும் பயிற்சி பெற்றவர்கள். சாதாரணமாக மாட்டி வைக்கும் 6 கிலோ பவுடர் தீயணைப்பான் அரை நிமிடம்கூட அடிக்காது. அந்த நேரத்தை வீணாக்காமல் நெருப்பின் அடியைப் பார்த்து அடிக்க, ஒருமுறையாவது கையில் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். எல்லோருக்கும் சிலிண்டர் கொடுக்க முடியாதுதான். ரீஃபில்லுக்குப் போக வேண்டிய சிலிண்டர்களை மொத்தமாக அனுப்பாமல் இதற்கு ஒதுக்கி வைத்தால் வருடத்துக்குக் கணிசமான பேர் அடித்துப் பார்க்கலாம். அடித்தவர் பெயரைத் தனியாக எழுதுங்கள்.

முதலுதவியில், 150 பேருக்கு ஒரு பெட்டி, அதற்குச் சான்று பெற்ற பொறுப்பாளர், வேலை நேரம் முழுவதும் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 45-வது பிரிவு சொன்னது. பல இடங்களில் பொறுப்பாளர்கள் எல்லோரும் ஜெனரல் ஷிப்டில் இருப்பார்கள். பதிவை ஷிப்ட் வாரியாக ஒருமுறை அடுக்கிப் பார்த்தால் இரவு யாருமே இல்லை என்பது வெளியே வரும். இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முறை, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழம் என்பதெல்லாம் சில மாதங்களிலேயே கை மறந்துவிடும். சான்றிதழ் செல்லுபடியாகும் தேதியை நம்பி இருக்காமல் நடுவில் ஒருமுறை பொம்மையில் அழுத்திப் பார்க்க வையுங்கள்.

தினமும் காலையில் நடத்தும் டூல்பாக்ஸ் டாக்கையும் பயிற்சிக் கணக்கில் சேர்க்கலாமா?

சேர்க்க வேண்டாம். அது அன்றைய வேலைக்கான நினைவூட்டல். தேதி, பேசிய விஷயம், இருந்தவர்கள் என்று ஒரு வரி போதும். பேசும்போது தொழிலாளி யாராவது ஏதாவது சொன்னால் அதையும் எழுதுங்கள்.

ஒருவர் தேறவில்லை. என்ன செய்வது?

அந்த ஒரு வேலையிலிருந்து மட்டும் விலக்கி வைத்து, வேறு வேலை கொடுத்து, மறுபடி சொல்லிக்கொடுத்துச் சோதியுங்கள். சம்பளத்தைப் பிடிப்பது, மெமோ கொடுப்பது இரண்டும் கூடாது. தோற்றால் தண்டனை என்று ஆனதும், இரக்கமுள்ள சூப்பர்வைசர் எல்லோரையும் பாஸ் போட்டுவிடுவார். அதன் பிறகு பதிவை நம்ப முடியாது.

உண்மையாக வைக்கப்பட்ட பதிவில் தோல்விகள் இருக்கும். முந்நூறு பேரில் ஒருவர்கூடத் தோற்கவில்லை என்று காட்டும் ஃபைலைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அதேபோல், பத்தில் ஒன்பது பேர் ஒரே படியில் தவறினால் குறை ஆட்களிடம் இல்லை, சொல்லிக்கொடுத்த விதத்தில் இருக்கிறது. படி வாரியாகக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால்தான் இது கண்ணில் படும்.

எக்செல், கூகுள் ஃபார்ம், செயலி என்று போகலாமா, நோட்டே போதுமா?

நூறு பேர் வரை ஒரு எக்செல் ஷீட் தாராளம். ஆட்கள் இடப்பக்கம், வேலைகள் மேலே, நடுவில் கடைசியாகத் தேறிய தேதி. இதை ஸ்கில் மேட்ரிக்ஸ் என்பார்கள். அச்சடித்து ஷாப் ஃப்ளோரில் ஒட்டிவிட்டால், ஆள் லீவு போட்ட அன்று யாரை எந்த இயந்திரத்தில் போடலாம் என்று சூப்பர்வைசர் அங்கேயே பார்த்துக்கொள்வார். தேறியதை மட்டும் காட்டுங்கள், தோற்றதை ஒட்டி வைத்து யாரையும் கூச்சப்பட வைக்க வேண்டாம்.

ஃபோனில் நிரப்பும் படிவத்தில் ஒரு ஓட்டை உண்டு. ஒருவரே பத்துப் பேருக்கும் சேர்த்து நிரப்பிவிடலாம். அதற்குப் பதிலாக, செய்து காட்டுவதை அவர் சம்மதத்தோடு ஃபோனில் ஒரு நிமிட வீடியோவாக எடுத்து வைப்பது எவ்வளவோ மேல்.

ஆடிட்டுக்கு முன்னால் விட்டுப்போன பதிவுகளை நிரப்பி வைப்பது பரவலாக நடக்கிறதே?

நடக்கிறது. செய்யாதீர்கள். காலை 10 முதல் 12 வரை வகுப்பில் இருந்ததாகப் பதிவு சொல்லும். அதே நேரத்தில் அவர் பிரஸ்ஸில் 400 பீஸ் ஓட்டியதாக உற்பத்தி அறிக்கை சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். விபத்துக்குப் பிறகு இது வெளியே வந்தால், உண்மையாக நடந்த பயிற்சிகளின் பதிவையும் யாரும் நம்ப மாட்டார்கள். அதைவிடப் பெரிய கேடு, பயிற்சி பெறாத ஒருவர் பயிற்சி பெற்றவர் என்ற பெயரில் ஆபத்தான இயந்திரத்தின் முன்னால் நிற்பது. விட்டுப்போனதை விட்டுப்போனதாகவே எழுதி, எந்தத் தேதிக்குள் முடிப்போம் என்று பக்கத்தில் குறியுங்கள். நல்ல ஆடிட்டர் அதை மதிப்பார்.

எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

அவர் வேலையில் இருக்கும்வரை கட்டாயம். சிலிக்கா தூசு, கல்நார், ரசாயனம், அதிக இரைச்சல் உள்ள இடங்களில் வேலை செய்தவர்களின் பதிவுகளை அவர்கள் போன பிறகும் பல பத்தாண்டுகள் வையுங்கள். கல்நாரால் வரும் புற்றுநோய் தெரியவர 20 முதல் 40 வருடம்கூட ஆகலாம். அன்று அவருக்கு மாஸ்க் பற்றிச் சொல்லப்பட்டதா, எந்த மாஸ்க், முகத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்தார்களா என்பதெல்லாம் அப்போதுதான் கேள்வியாக வரும்.

நான் தொழிலாளி. என் பயிற்சிப் பதிவின் நகலைக் கேட்கலாமா?

கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. எந்தெந்த இயந்திரத்தில், எந்தத் தேதியில், எப்படிச் சோதித்துத் தேறினீர்கள் என்பது உங்கள் உழைப்பின் விவரம். வேறு கம்பெனிக்குப் போகும்போது அது உங்களுக்கு உதவும். அங்கே அந்தத் தாளைக் காட்டினாலும், புது இயந்திரத்தில் மறுபடி சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கார்டு, கிளட்ச், பட்டன் அமைப்பு எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். நீங்கள் பெறாத பயிற்சிக்குக் கையெழுத்துக் கேட்டால், ‘முதலில் சொல்லிக்கொடுங்கள், அப்புறம் போடுகிறேன்’ என்று மரியாதையாகச் சொல்லலாம். தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால், பாதுகாப்புக் குழுவில் உள்ள தொழிலாளர் பிரதிநிதியிடம் சொல்லுங்கள், அவர் கூட்டத்தில் எழுப்பிக் குறிப்பில் ஏற்ற வேண்டும்.